பேர் கட்டின கலயங்கள்

சின்னேரிப்பட்டி, காரிமங்கலம் போஸ்ட்
சுபானு வருஷம், பங்குனி மாதம், சனிக்கிழமை

கண்ணு சென்னப்பனுக்கு உன் பெரியம்மா சாலம்மாள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து எழுதுவது. காளியம்மன் கண் திறந்து பார்த்ததில் நானும் உன் பெரியப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், பட்டணத்தில் உன்னையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது சொல்கிறேன். சண்டை வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, விளக்கும் இப்போது சாமிக்கு மட்டும்தான். பெரியப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் இருமல் விட்டதா இல்லையா என்று ஒரு வரி எழுத மாட்டாயா, தூதுவளைப் பொடி அனுப்பினேனே, அதைத் தேனில் குழைத்துச் சாப்பிடு, ஓட்டல் காப்பியில் கலக்காதே.

நீ சீட்டுக் கொடுத்து அனுப்பிய இரண்டு தம்பிகளும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், நம் வீட்டில்தான் தங்கினார்கள். களியை முழுங்கத் தெரியாமல் மென்று மென்று பார்த்தார்கள், பக்கத்து வீட்டு ராமக்காள் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டாள். நம் ஊரில் ராகி அரைக்கும் முன்னே ஒரு பிடி எடுத்து வாசல் கலயத்தில் போடுகிறோமே, அது இப்போது கடத்தூர் வரைக்கும் பரவி பிடி ராகி இயக்கம் என்று பட்டணத்தில் பேர் வாங்கியிருக்கிறதாம், அதில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், என்ன எண்ணத்தில் கொடுக்கிறார்கள் என்று உன் வாத்தியார் ஆராய்ச்சி பண்ணுகிறாராம். பண்ணட்டும், நல்லதுதான். நம் சென்னப்பன் அனுப்பிய ஆட்கள் என்று நானே கூட நடந்து வீடு வீடாகக் கூட்டிப்போனேன். எந்தத் தெரு, எவ்வளவு நிலம், வீட்டில் பிடி போடுவது யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எதுக்காகப் போடறீங்க என்று கேட்டதற்கு ராமக்காள், எங்க மாமியா போட்டாங்க நானும் போடறேன், நிறுத்தினா அந்தம்மா கனாவுல வந்து வையும் என்றாள். நஞ்சம்மாள், போடாத அன்னிக்குக் களி கட்டி தட்டுதுங்க என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள் கண்ணு. உங்கள் பிடி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உங்களுக்கு விருப்பம், இதுதான் கேள்வி. முதலில் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாதா கோயில் வீதி ரோசம்மாள், எங்க வூட்டுக்காரரு சம்பாத்தியம் எங்க போவுதுன்னே எனக்குத் தெரியல, ஒரு பிடி ராகி எங்க போவுதுன்னு என்னைக் கேக்கறீங்களே சாமி என்றாள். ஆனால் அந்தத் தம்பிகள் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். படித்தவர்கள் காத்திருக்கும்போது ஒன்றும் சொல்லாமல் இருக்கக் கூச்சமாக இருக்காதா, ஒவ்வொருத்தரும் யோசித்துச் சொன்னார்கள். எங்க தெருவுல தாலியறுத்தவங்களுக்கு என்று ஒருத்தி, மாதா கோயில் பிள்ளைகளுக்கு என்று ரோசம்மாள். மேலத்தெரு ராஜப்பன், எங்க பங்காளி வூட்டுல முடியாதவங்களுக்கு என்றார். எல்லாம் நல்ல எண்ணம்தான், யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை நானும் ராமக்காளும் வழக்கம்போலக் கலயத்து ராகியைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கூழ் காய்ச்சக் கூடையோடு போனோம். ஒரு கலயத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னொன்றில் சிவப்புத் துணி, ரோசம்மாள் சுண்ணாம்பில் சிலுவை போட்டிருந்தாள். கூடையில் கொட்டாதீங்க சாலக்கா, கலயத்தோட கொண்டுபோயி நாங்க சொன்ன ஆளுங்களுக்கே காச்சி ஊத்திருங்க என்றார்கள். கூடையில் விழுந்துவிட்டால் எல்லாம் ஒரே ராகி என்றுதான் இத்தனை வருஷமாக இருந்தது. அன்றைக்குப் புளியமரத்தடியில் கலயங்களை வரிசையாக வைத்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்னாருக்கு என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்ன பிறகு அதை வேறு ஆளுக்கு ஊற்றினால், அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் கொண்டுபோய் இன்னொரு சாமிக்கு வெட்டினதுபோல ஆகாதா. அதனால் தனித்தனியாகவே காய்ச்சினோம்.

வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்த முனியாயி என்று ஒருத்தி, அவளைப் பற்றி உனக்கு எழுதினேனா தெரியவில்லை. மலையில் சாமை விளையவில்லை, புருஷன் அசாம் பக்கம் ரோடு போட ஆள் பிடித்தபோது போனவன், சேதியே இல்லை. இரண்டு பிள்ளைகளோடு ஏரிக்கரைக் குடிசையில் இருக்கிறாள், சின்னது இன்னும் பால் குடிக்கிறது. நம் கூழ்தான் அவளுக்கு உசிர். அவளும் அன்றைக்குச் சட்டியோடு வந்து நின்றாள், கலயங்களைப் பார்த்தாள், எனக்குன்னு எது வெச்சிருக்கறீங்க ஆயா என்று கேட்டாள். எந்தக் கலயத்திலும் அவள் பேர் இல்லை சென்னப்பா. அவளுக்கு இங்கே தெருவும் இல்லை, பங்காளியும் இல்லை, கோயிலும் இல்லை. நம் வீட்டுப் பிடியும் ராமக்காள் பிடியும்தான் பேர் இல்லாமல் இருந்தது, அதைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமல் சட்டியைக் கழுவிக்கொண்டு போனாள்.

நேற்று வெள்ளிக்கு வரவே இல்லை. நானே கூழ் எடுத்துப்போனேன். பேரில்லாத எடத்துல கை நீட்டறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க ஆயா, அமாவாசை கழிச்சு மலைக்கே போயிடறோம் என்கிறாள். மலையில் என்ன இருக்கிறது, கிழங்கு தோண்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை, மார்பில் பால் வற்றிவிட்டது, அந்தக் குழந்தை அழுகிறதைப் பார்த்தேன், சத்தமே வரவில்லை.

அங்கிருந்து நேரே வீடு வீடாகப் போனேன். சொன்ன சொல்லைச் சொன்னவர்களே திரும்ப வாங்கிக்கொண்டால் பாவம் இல்லை அல்லவா, உன் வாயால் ஒருதரம் எல்லாருக்கும் என்று சொல்லிவிடு என்று கேட்டேன். ரோசம்மாள், நான் எங்க சொன்னேன், அந்தப் பையன் மூஞ்சைப் பார்த்துட்டே நின்னான், ஏதோ சொன்னேன் என்று திட்டிக்கொண்டே முந்தானையால் சிலுவையைத் துடைத்துவிட்டாள். ராஜப்பன்தான் முடியாது என்கிறார். அவர் பொல்லாதவர் இல்லை, பயப்படுகிறார். எனக்கு மனசு இருக்குதுங்க சாலக்கா, ஆனா மையில ஏறிப் பட்டணம் போயிருச்சே, ரிஜிஸ்தர் ஆன பத்திரத்தை வூட்ல குந்திக்கிட்டு மாத்த முடியுங்களா, நாளைக்குச் சர்க்கார் வந்து கேட்டா நான் பொய்யனாயிருவேன் என்கிறார். அவர் சொன்னால்தான் மேலத்தெரு முழுக்கக் கேட்கும்.

அதனால் நீ உடனே ராஜப்பனுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. கேட்டது தெரிந்துகொள்ள மட்டும்தான், அது பத்திரம் இல்லை, யாரையும் கட்டாது என்று தெளிவாக எழுது. உன் வாத்தியாரிடமும் ஒன்று சொல். எங்கள் ஊர்ச் சனங்களுக்கு இன்னின்ன விருப்பம் இருக்கிறது என்று அவர் புஸ்தகத்தில் எழுதப்போகிறார், எழுதட்டும், கேட்பதற்கு முந்தின நாள் வரைக்கும் அந்த விருப்பம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல். விஷ சுரம் வந்த வருஷம் உன் அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள், பெறாத எனக்குப் பால் ஏது, இந்தக் கலயத்து ராகியை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் உனக்கு ஊட்டினேன். அது எந்தத் தெருப் பிடி என்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ எந்தக் கலயத்தில் இருந்திருப்பாயோ.

திங்கட்கிழமை சந்தைக்குப் போகிறவர்களிடம் இதைத் தபாலில் போடக் கொடுக்கிறேன். வருகிற வெள்ளிக்குள் உன் கடிதம் வந்தால் ராஜப்பனுக்குப் படித்துக் காட்டிவிட்டு எல்லாக் கலயத்தையும் ஒரே கூடையில் கொட்டுகிறேன். வராவிட்டால் படிக்காமலே கொட்டுகிறேன். அம்மன் சன்னதியில் சொல்லிவிட்டேன், பாவம் வந்தால் என் ஒருத்தி பேரில் எழுதிக்கொள் தாயே, அந்தக் குழந்தை பேரில் எழுதாதே என்று. முனியாயியிடமும் வெள்ளி வரைக்கும் இரு என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஆகாய விமானம் பறந்தால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதே. அறையில் நீயே சமைத்துக்கொள்வதாக எழுதினாயே, அரிசி கழுவும் முன்னே ஒரு பிடி தனியாக எடுத்து வை. யாருக்கு என்று நினைக்காமல் எடுத்து வை.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
சாலம்மாள்