உன் நோட்டில் இரண்டு வெற்றுப் பக்கங்கள்

நேற்று சைனிக்புரியில் உன் வீட்டுக்காரர் உன் இத்தாலிய மொழி நோட்டை என் கையில் கொடுத்தார். "எங்க வீட்ல இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லீங்க" என்றார். புரட்டினேன். நடுவில் இரண்டு பக்கங்கள் காலி. மேலே பென்சிலில், 'அவளிடம் கேட்டு எழுத வேண்டும்' என்றிருந்தது. அந்த 'அவள்' நான்தான்.

கொண்டாப்பூர் அலுவலகத்தில் நம் மேஜைகள் பக்கத்துப் பக்கத்தில். இத்தாலியில் தூரின் நகரத்துக்கு ஒருவரை இரண்டு வருடம் அனுப்பப்போவதாகச் சொல்லி, ஹப்சிகுடாவில் சனிக்கிழமை மொழி வகுப்பில் நம் இருவரையும் சேர்த்தார்கள். நான் செகந்திராபாத்திலேயே வளர்ந்தவள். வாயில் நாலு மொழி. நீ மதுரையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டித்தான் வழி சொல்வாய். ஆனால் நீ தப்பும் தவறுமாக உளற உளற, ஆசிரியை உன்னோடு பேசிக்கொண்டே இருப்பார். நான் விதிகளைப் பிசகாமல் ஒப்பித்தால், "சரி" என்று அடுத்தவரிடம் போய்விடுவார். எனக்கு வயிறு எரியும்.

உன் மகளுக்குக் காய்ச்சல் என்று நீ வராத அன்றுதான் அந்தப் பாடம் நடந்தது. 'வொல்யோ' என்றால் எனக்கு வேண்டும். அதையே பணிவாக 'வொர்ரெய்' என்றால், கிடைத்தால் நன்றாக இருக்கும். 'பொஸ்ஸோ' என்றால் முடியும். 'பொத்ரெய்' என்றால் முடியக்கூடும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேர்முகத்தில் இதைக் கவனிப்பார்கள் என்று ஆசிரியை அழுத்திச் சொன்னார்.

திங்கட்கிழமை நீ கேட்டாய்: "ஏண்டி, அன்னைக்கு என்ன நடத்துனாங்க? நோட்டக் குடு, எழுதிக்கிறேன்."

"அரே, நான் ஒண்ணும் எழுதலடி. பழைய பாடம்தான்" என்றேன். நோட்டு என் பையில் இருந்தது.

நேர்முகத்துக்கு நம் இருவரையும் ஒன்றாகக் கணினித் திரை முன் உட்கார வைத்தார்கள். நான் 'வொர்ரெய்', 'பொத்ரெய்' எல்லாம் சரியாகச் சொன்னேன். நீயோ "வொல்யோ, வொல்யோ" என்று மிட்டாய் கேட்கும் குழந்தைபோல் அடித்துக் கேட்டாய். திரையில் இருந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து, "ஏன் அவ்வளவு வேண்டும்?" என்றார். அரை மணி நேரம் பேசினாய். நீதான் போனாய்.

விமான நிலையத்தில் "அடுத்து நீதாண்டி" என்று கட்டிக்கொண்டாய். நீ அனுப்பிய பனிப் படங்களைப் பார்ப்பேன், பதில் போடமாட்டேன். திரும்பி வந்த வருடமே நோய் உன்னைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரிக்கு ஏழெட்டு முறை வந்தேன். ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன். நோட்டை மறைத்ததை மட்டும் நீ கண்மூடும்வரை சொல்லவில்லை.

நேற்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர், "அவளுக்கு உங்க மேல ஒரே பொறாமைங்க. 'அவ பேசுனா ஒரு தப்பு வராது, நான் வாயத் தொறந்தாலே தப்பு'ன்னு தூரின்லேர்ந்து போன் பண்ணி அழுவா" என்றார்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் உன்னிடம் இனியும் பொய் சொல்ல மாட்டேன்: அதற்கு முன்னால், ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த நொடியை நினைத்து முகத்தை மூடிக்கொண்டேன். இன்று காலையும் அது போகவில்லை.