கொதித்த காரும் காத்திருந்த ஆக்கர்காரனும்

என் தங்கமான அத்தானுக்கு,

மேலுலகத்தில் ரோடு எப்படி இருக்கிறது? குண்டும் குழியும் இல்லையே? இங்கே நீங்கள் விட்டுப்போன வெள்ளைக் கார் கொதித்த கொதியில் அரபிக்கடலே ஒரு முழம் வற்றிவிட்டது. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பீர்கள், தெரியும். தள்ளியது போக மிச்சமே போதும் அத்தான், நிலைமை மோசமாகத்தான் இருந்தது.

உங்கள் ரப்பர் ஷீட் வியாபாரத்தை இப்போது உங்கள் மகள் சுபா நடத்துகிறாள். தோட்டம் தோட்டமாகப் போய் ஷீட்டை வாங்கி, டிக்கியிலும் பின்சீட்டிலும் அடுக்கிப் புதுக்கடைக்குக் கொண்டு போகிறாள். கொஞ்ச நாளாக, ஏற்றத்தைக் கண்டாலே சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய்விடுகிறது. போன வாரம் புதுக்கடை முக்கில் எழும்பிய ஆவியில், மேலே போன விமானம் வழி தெரியாமல் திரும்பிப் போனதாகக் கேள்வி.

வந்து பார்த்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜின இறக்கணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்கு அது போதாதா?

"அந்தச் சவத்த ஆக்கர்காரனுக்கு எடை போட்டுக் குடு. யாவாரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரனும் சனிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டான். கார் போனால் சுபாவின் பிழைப்பும் போகும். அவள் என்னைப் பார்த்தாள். உங்கள் கண்தானே அவளுக்கு? அந்தப் பார்வைக்கு நான் எங்கே தப்பி ஓட?

"மக்கா, சனிக்கெழமைக்குள்ள இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடிக்கல்லேன்னா உன் மாமன் மீசைய எடுத்துருவேன்" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் மீசையே கெடையாதே மாமா!"

"வளத்துட்டு எடுப்பேன், கேட்டியா?"

மறுநாள் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே தொடங்கினோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் நிறைய இருந்தது. ஸ்டார்ட் செய்தோம், இன்ஜினுக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கிற அந்தக் கேஸ்கெட் போயிருந்தால் வர வேண்டிய குமிழி வரவில்லை. ஆயிலிலும் தண்ணீர் கலந்த பால்நிறம் இல்லை. மெக்கானிக் கேஸ்கெட்டின் மேல் போட்டது வீண்பழி என்று எனக்குப் பட்டது. பெல்ட்டும் இறுக்கம். ஃபேன் அடித்த காற்றில் நான் பறந்து திற்பரப்பு அருவிக்குள் விழுந்திருப்பேன், சுபா வேட்டியைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன்.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு. அதைக் கழற்றி, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

"ஏலே! அது நான் மீன் வைக்க சட்டிடே!" அக்கா கரண்டியோடு வந்தாள்.

"அஞ்சு நிமிசம் பொறுக்கா. வால்வு தொறக்கான்னு பாக்கேன்."

"ஒன் மண்டை தொறக்கான்னு மொதல்ல பாரு."

வால்வு அழகாகத் திறந்தது. அதை மறுபடி மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே கை வைக்க முடியவில்லை, நடுவும் கீழும் ஜில்லென்று கிடந்தது. தண்ணீர் உள்ளே ஓடவில்லை என்றுதானே அர்த்தம்? ஆறவிட்டுக் கழற்றினோம். சுபா ஒரு கம்பியை விட்டு இழுத்தாள். வந்தது பாருங்கள், இடியாப்பம் மாதிரி, பழுப்பாக, இழுக்க இழுக்க! வட்டக்கோட்டையைச் சுற்றி ஏழு வரிசை வேலி கட்டலாம்.

முகர்ந்தேன். ரப்பர்.

"அப்பாக்க வேலையாக்கும் மாமா" என்றாள் சுபா. "ஒருக்கா ஒழுகிச்சுன்னு ரப்பர் பால ஊத்துனாங்க. 'லாரி டியூபுல காத்தையே புடிச்சு நிறுத்துது, இந்தத் தண்ணிய நிறுத்தாதா?'ன்னு கேட்டாங்க."

நிறுத்திவிட்டீர்கள் அத்தான். ஓட்டையோடு சேர்த்து எல்லா வழியையும் அடைத்து நிறுத்திவிட்டீர்கள். ரப்பர் மரத்தடியில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?

அக்கா அந்த இழையை வாங்கி இழுத்து விட்டாள். அது சுண்டிக்கொண்டு திரும்பியது.

"நல்ல பாலாத்தான் ஊத்தியிருக்காரு" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அது எந்த இடத்தில் அழுகையானது என்று நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

உள்குழாய்கள் அரித்துப்போயிருந்ததால் மார்த்தாண்டத்தில் வேறு ரேடியேட்டர் வாங்கி மாட்டினோம். வெள்ளிக்கிழமை ஷீட்டை நிறைய ஏற்றிக்கொண்டு சுபா காரைத் திற்பரப்புப் பக்கத்து ஏற்றத்துக்கு விட்டாள். பின்சீட்டில் ஷீட்டோடு ஷீட்டாக நான் மடிந்து கிடந்தேன். முன்சீட்டில் அக்கா, நம்பிக்கையே இல்லாமல், மடியில் தண்ணீர் கேனோடு.

"ஊசி எங்க நிக்குதுட்டி?"

"நடுவுலதாம்மா."

"இப்போ?"

"நடுவுலதாம்மா!"

ஏற்றம் முடிந்தது. ஊசி அசையவில்லை. அக்கா கேனைத் தூக்கி என் தலைமேல் வைத்தாள். "புடி. மடி நனையுது."

சனிக்கிழமை ஆக்கர்காரன் வந்து காரைத் தேடினான். அக்கா பழைய ரேடியேட்டரைக் காலால் தள்ளிக் கொடுத்தாள்.

"இத எடுத்துட்டுப் போ. காரு லோடு எடுக்கப் போயிருக்கு. எனக்க மவளாக்கும் ஓட்டுகா."

நீங்கள் நிம்மதியாக இருங்கள் அத்தான். இது என் வாக்கு: இனி அந்தக் காரில் ரப்பர் டிக்கியிலும் பின்சீட்டிலும் மட்டும்தான் ஏறும். ரேடியேட்டர் மூடிப்பக்கம் ஒரு சொட்டுப் பால் வந்தாலும், ஊற்ற வருவது நீங்களே ஆனாலும், கையைப் பிடித்து நிறுத்துவேன். பிடித்த கையை விடவும் மாட்டேன்.

என்றைக்கும் உங்கள் மச்சினன்,
சுபாவின் தாய்மாமன் தங்கப்பன்