ஈரம் குடித்த நைலான்

என்னங்க, நம் வார்ப்பு மெஷின் வாயில் இன்று காலை பட்பட்டென்று பொரியும் சத்தம். நீங்கள் இருந்திருந்தால் வீட்டு வாசலிலிருந்தே ‘ஈரம்’ என்று கத்தியிருப்பீர்கள். உருகிய நைலான் நுரைத்து ஒழுகியது. வார்த்தெடுத்த, கயிறு ஓடும் படகுக் கப்பியெல்லாம் வெள்ளிக் கோடுகள். கப்பலில் வந்த மூட்டை எங்கோ கிழிந்து உள்ளிருந்த நைலான் குருணை ஈரம் குடித்துவிட்டது. காயவைக்கும் பெட்டியில் கொட்டினால், அப்போது பார்த்துக் கரண்டும் போயிற்று. நம் தீவில், புரோத்ராபூரில் மழை விட்டபாடில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

சுனாமிப் பேரலைக்குப் பிறகு எல்லாரும் புதுப் படகு கட்டியபோதுதான் நாம் கப்பி வார்க்க ஆரம்பித்தோம். துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு பல்பு எரியும். ஒருநாள் நம் அலமாரியைத் திறக்கிறேன், என் கூறைப்புடவையைக் காணோம்! அந்த இடத்தில், பிரித்த நைலான் மூட்டை வாயைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கட்டிலடியில் கிடந்த புடவை முழுக்கக் கரும்புள்ளி.

"பொண்டாட்டிய விட மூட்டை பெருசாப் போச்சா?" என்று கத்தினேன்.

நீங்கள் சிரிக்கக்கூட இல்லை. "அலைக்குப் பயந்தவன் இப்பத்தான் திரும்பக் கடல்ல எறங்குறான். ஈரக் குருணையில வார்த்த கப்பி பாரம் தாங்காம பொளந்துரும். அப்புறம் அவன் எறங்கவே மாட்டான். புடவை வேற வாங்கலாம்டி."

வாங்கித் தரவேயில்லை. நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

இன்றைக்கு வண்டூர் படகுக்காரர் வந்து நின்றார். நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய வாடிக்கை அவர்தான். என்னை அண்ணி முறையில் பாபி என்பார்; பேச்சில் பாதி இந்தி. "பாபி, சலேகா, பரவால்ல! கோடு இருந்தா என்ன, ஓடும். நாளைக்குக் காலைல கடலுக்குப் போகணும், ஜல்தி குடுங்க. இல்லேன்னா பஜார்ல வாங்கிக்கிறேன்."

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஒரு கப்பியைச் சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்தேன். உடையவில்லை. உடைந்திருந்தால், தரமுடியாதென்று நிம்மதியாகச் சொல்லியிருப்பேன். அப்படியும் கொடுக்க மனசு வரவில்லை.

"காயவச்சு வார்த்துத் தர்றேன், நாளைக்கு மத்தியானம் வாங்க."

"பாய்சாப் போயும் இந்த வீட்டுல ஒண்ணும் மாறல," என்று உங்களையும் சேர்த்து முனகிக்கொண்டே மழையில் இறங்கிப் போனார். திரும்பி வருவாரா என்று தெரியவில்லை.

கரண்டு வந்துவிட்டது. குருணையைச் சூட்டில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இடுப்பு விட்டுப்போகிறது. போனதுதான் போனீர்கள், இந்தப் பிடிவாதத்தையும் கையோடு கொண்டுபோயிருக்கக் கூடாதா?