அத்தார் செய்த மொழிபெயர்ப்பு

செவ்வாய் இரவு, உப்புவெளி.

நித்திரை வரவில்லை. கோபம் ஆறவும் இல்லை.

கிழக்கே உள்ள நாடுகளின் கூட்டில் இலங்கையும் சேரலாமா என்று கருத்துக் கேட்க, கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி இன்று பின்னேரம் எங்கள் கரைவலைச் சங்கத்துக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சங்கத் தலைவர் என் அக்காவின் புருசன். அத்தார்தான் பக்கத்துக் கதிரையில் இருந்து எங்கள் கதையைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு தானே எழும்பிப் பேசினார்.

"சேர வேணும் எண்டு வந்து நிக்கிறவனை வாசலில மறிக்கிறது நியாயமில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனுசன் மூதூரிலிருந்து என்னைக் கட்டி வந்தவர். இந்தக் கரையில் வலை வளைக்கச் சங்கம்தான் ஆளாளுக்கு முறை பிரித்துக் கொடுக்கும். தனக்கும் ஒரு முறை தாங்கோ என்று எத்தனை தரம் கேட்டுவிட்டார். வெளியாள் என்று ஒவ்வொரு தரமும் மறித்தது இதே அத்தார்தான்.

எழும்பிக் கேட்டேன்.

"அப்ப என்ர மனுசனை ஏன் மறிக்கிறியள்? நீங்களும் அக்காவைக் கட்டித்தானே முல்லைத்தீவில இருந்து வந்தனீங்கள்? இப்ப நீங்கள் வளைக்கிறது எங்கட அப்பான்ர முறையெல்லோ, அத்தார்?"

என் மனுசன் நிலத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று அதிகாரி அத்தாரிடம் கேட்டார்.

அத்தார் நிதானமாகச் சிங்களத்தில் பதில் சொன்னார். அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும். நாடு கட்டாயம் சேர வேண்டும் என்று இந்தத் தங்கச்சியும் சொல்லுகிறாவாம்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லில், "நன்றி" என்றார்.