ஒரே கசப்பு, இரண்டு புட்டி

ஏனுங்க,

பழைய சோறும் மோரும் உறியில் இருக்கின்றன. வசந்தாவைத் தூக்கிக்கொண்டு சேலத்துப் பெரிய டாக்டரிடம் போகிறேன்.

அவளுடைய காய்ச்சலுக்குத் திருச்செங்கோட்டு டாக்டர் மருந்து கொடுப்பதைச் சேலத்து டாக்டரிடம் மறைத்து, அவரிடமும் ஒரு மருந்து வாங்கினீர்கள். "சொன்னா கோவிச்சுக்குவாரு, வாயத் தொறக்காதே" என்றீர்கள். வேறு மருந்து கொடுக்கிறீர்களா என்று அந்த மகராசனும் கேட்கவில்லை. இருவர் மனமும் கோணக் கூடாதென்று இரண்டு மருந்தையும் ஊற்றினோம். பிள்ளை காது இரைகிறதென்று அழுது, விடிய விடிய வாந்தி எடுத்தாள். காலையில் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே கொயினாக் கசப்பு; ஒரே காய்ச்சல் மருந்தைத்தான் இரட்டிப்பாக ஊற்றியிருக்கிறோம். சீ, இதுவா மரியாதை!

இரண்டு புட்டிகளையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

சௌந்திரம்

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டுக் கந்தம்மாக்காவிடம் கொடுங்கள்.

பின்னாலேயே வந்துவிடாதீர்கள். அங்கேயும் முதலில் அவருக்குக் கும்பிடு போடுவீர்கள்.