டீயில் விழுந்த பிஸ்கட்டுக்குத் துக்கம்

ஏங்க,

நேத்து உங்க பிஸ்கட் டீயில உடைஞ்சு விழுந்தப்போ நான் சிரிச்சுட்டேன், வாஸ்தவம்தான். அதுக்காக லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன், லிஃப்டே அறுந்து விழுந்த மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கணுமா? போதாக்குறைக்கு அதைப் பூந்தொட்டியில அடக்கம் வேற பண்ணியிருக்கீங்க. காலையிலேருந்து எறும்புங்க வரிசையா துக்கம் விசாரிக்க வந்துட்டிருக்கு.

சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாயங்காலம் உங்க அக்கா வர்றாங்க. எறும்பு ஏன்னு கேட்டா தயவுசெஞ்சு உண்மையைச் சொல்லிடாதீங்க.

பி.கு: புது பிஸ்கட் பாக்கெட் அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு. பலம் பார்க்கிறேன்னு கயிறு கட்டித் தொங்க விடாதீங்க.

இன்னொண்ணு: நான் வர்ற வரைக்கும் டீ போட வேண்டாம். நீங்க பிஸ்கட்டை மெதுவா இறக்குங்க. அடியில ஸ்பூனைப் பிடிச்சுக்க நான் இருக்கேன்.