ஒரு சின்னக் கோடும் ஒரு சஹன் சோறும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைக்குப் புது மெனு அடிக்கப் போகிறோம். பழையதில் எண்ணெய்க் கறை படிந்து மூலையெல்லாம் பிய்ந்துவிட்டது. இப்போது ஈப்போவுக்கு வருகிற வெளியூர்க் கூட்டத்துக்கு இங்கிலீஷும் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஷரபுதீன் சொன்னதால் நானே உட்கார்ந்து எழுதினேன். பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள்தானே நானும்.

மருமகள் மெஹ்ரீன் வாங்கிப் பார்த்தாள். பினாங்கில் இங்கிலீஷ் டியூஷன் எடுத்த பெண். பென்சிலை எடுத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் குட்டிக் கோடாகப் போட்டுக்கொண்டே போனாள். ஹாஃப்-பாயில்ட் எக். டீப்-ஃப்ரைட் சிக்கன். ஹோம்-குக்ட் ஃபூட்.

எனக்குச் சுருக்கென்றது. "கோடு இல்லாட்டி முட்டை வேகாதாமா?" என்று கேட்டுவிட்டேன். டீக் குவளையை உயர்த்தித் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த இவர் சிரித்துவிட்டார். அவள் பென்சிலை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இந்த வாய் இருக்கிறதே எனக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மெனு அப்படியே கிடக்கிறது. அச்சுக்கடைக்காரர் ஃபோன் பண்ணினார். நாளைக்கு என்று சொன்னேன். எதற்காகத் தள்ளிப் போடுகிறேன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் வழக்கம்போல் மாடியில் நெய்ச்சோறு, தாளிச்சா. சித்தியவானில் வேலை பார்க்கும் மகன் ஸுஹைர் வந்திருந்தான். வாப்பாவுக்கும் மகனுக்கும் சேர்ந்து சாப்பிட ஒரு தாம்பாளம், ஒரு சஹன். இன்னொரு சஹனில் நான் மட்டும். மெஹ்ரீன் சின்னத் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்படி ஓரமாக உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறே இப்படித்தான். பெரிய தாம்பாளத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டு நடுவில் வைத்தேன். பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். நான் கை வைக்கிற சோறு அவளுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் சஹனை வைத்தாலே வா என்றுதான் அர்த்தம். வெற்றிலை பாக்கு வைத்தா கூப்பிடுவார்கள்?

கை கழுவிவிட்டு ஸுஹைர் சொன்னான்: "உம்மா, சித்தியவான்ல வீடு பாத்துட்டேன். மாசக் கடைசில மெஹ்ரீன கூட்டிட்டுப் போறேன்."

"நல்லதுலா," என்றேன்.

நல்லதுதான். புருஷன் இருக்கிற இடத்தில்தான் பெண்டாட்டி இருக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு வேளைகூட என்னோடு உட்கார்ந்து சாப்பிடாமலே போகப் போகிறாளே – அதுதான் தாங்க முடியவில்லை. அப்படி என்ன செய்துவிட்டேன் இவளுக்கு?

ஆகஸ்ட் 13, புதன்

எனக்கு அவளைப் பிடிக்கும். இதை இங்கே மட்டும் எழுதி என்ன பிரயோசனம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடையில் ஆளே இல்லை. மெனுவை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.

"கோடு எங்க வரும், எங்க வராது, சொல்லும்மா. எழுதிக்கிறேன்."

முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். "எக்குக்கு முன்னாடி ஹாஃப், பாயில்ட் ரெண்டும் சேர்ந்து ஒரே வேலை பாக்குது மாமி. அதான் கோடு. 'தி எக் இஸ் ஹாஃப் பாயில்ட்'னு பின்னாடி வந்தா கோடு வேணாம்."

"அப்ப ஃப்ரெஷ்லி மேட் ரொட்டி?"

"அதுக்கு இல்ல. லி-ன்னு முடியிற வார்த்தைக்குக் கோடு போடக்கூடாது. நெறைய பேரு போட்டுடுவாங்க."

"சரிதான். கோடு போட்டதெல்லாம் ஒரே சஹன்ல உக்காந்த மாதிரி," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் முகம் மாறிவிட்டது. பென்சிலை உருட்டிக்கொண்டே, "என்னை ஒரு நாளும் நீங்க சஹனுக்குக் கூப்பிடலியே மாமி," என்றாள்.

"வச்சேனேம்மா! வந்த மொத ஞாயிறே வச்சேனே!"

"வச்சீங்க. எங்க வீட்டுல மாமியார் ஒரு துண்டு கறி எடுத்து மருமவ பக்கம் வச்சு, வாம்மான்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி கை வச்சா மரியாதை இல்லன்னு உம்மா சொல்லி அனுப்புனாங்க. ஞாயித்துக்கிழமை வந்தா ஒங்க கையவே பாத்துட்டிருப்பேன். என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன்..."

யா அல்லாஹ்! வச்சா வந்துருவான்னு நான் இருக்கேன். கூப்புட்டா வரலாம்னு அவ இருக்கா. ரெண்டு பேருக்கும் வாய் இல்லியா? முட்டை வேகாதான்னு கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு வாம்மான்னு ஒரு வார்த்தை வரலியே!

அழுகையும் சிரிப்புமாக அவளைக் கட்டிக்கொண்டேன். பென்சில் கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இருந்ததிலேயே நல்ல துண்டாக எடுத்து அவள் பக்கம் வைத்தேன். "வாம்மா." அவ்வளவுதான். இதற்கா இத்தனை மாதம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சாமான் ஏற்றின லாரி மத்தியானமே சித்தியவானுக்குப் புறப்பட்டது. பின்னாலேயே காரில் அவர்கள் இருவரும். கண்ணாடியை இறக்கி, மெனுவை அச்சுக்கு அனுப்பும் முன் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். தலையை ஆட்டினேன். பேசினால் அழுதிருப்பேன்.

அவளுடைய சின்னத் தட்டு அடுப்படி ஓரத்திலேயே இருக்கிறது. மறந்துவிட்டாளா, வேண்டாமென்று விட்டுப் போனாளா, தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது மெனு மாட்டியாயிற்று. கோடெல்லாம் அதனதன் இடத்தில்.

பிள்ளைகள் வந்திருந்தார்கள். இவர் பீடோரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மெஹ்ரீனே பாயை விரித்து, சஹனை நடுவில் வைத்து, ஒரு பெரிய கறித் துண்டை என் பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

"வாங்க மாமி."

சஹனில் சேர்ந்து உட்கார வாப்பாவும் இல்லை, ஜோடியும் இல்லை. ஸுஹைர் நின்றுகொண்டே எங்களைப் பார்த்தான். "உம்மா, எனக்கு?"

நான் வாய் திறக்கும் முன்னே அவள் சொன்னாள்: "அடுப்படி ஓரத்துல சின்னத் தட்டு இருக்கு. போட்டு சாப்பிடுங்கலா."